கத்தரி 24, பழுது 2

1

காலை ஆறரை மணி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நான் முதலில் செய்கிற வேலை, மகனுடைய கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றுவது. பயப்பட வேண்டாம், எனக்கு மூளை சரியாகத்தான் இருக்கிறது. இது போனுக்குள் இருக்கிற தோட்டம். வாளியை விரலால் தொட்டுப் பாத்திக்கு மேல் கொண்டுபோனால் தண்ணீர் கொட்டும். மொத்தம் இருபத்திநாலு பாத்தி. ஊற்றி முடிக்க மூன்று தரிப்பிடம் ஆகும். நான்காவது தரிப்பிடத்தில் நான் இறங்க வேண்டும். அங்கேதான் நான் பார்க்கிற கிழவரின் வீடு இருக்கிறது.

இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், எனக்குப் பதினோரு வருடம் முடிந்துவிட்டது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து, அங்கேயே கலியாணம் கட்டி, அங்கேயே ஒரு பிள்ளையையும் பெற்றவள் நான். புதுக்கடை நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் டைப்பிஸ்டாக இருந்தேன். இங்கே வயதானவர்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சூப் பருக்கிவிடுகிறேன். ஊரில் இருந்து யாராவது "அங்க என்ன வேலை?" என்று கேட்டால், "ஒஃபிஸ் மாதிரித்தான்" என்று மழுப்புகிற ஆட்களை எனக்குத் தெரியும். நான் அப்படி மழுப்புவதில்லை. பொய் சொல்ல எங்களுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. அதைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன்.

போன மாதத்தோடு என் கணவர் சவரி செத்து ஒரு வருடம். ஆண்டுப் பூசைக்காகக் கொழும்புக்குப் போய் வந்தேன். பதினோரு வருடத்தில் அதுதான் முதல் பயணம். மகன் ஜெரோமுக்கு இப்போது பத்தொன்பது வயது. நேரில்தான் அவனைத் தெரியாது, தோட்டத்தில் நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டுதான் விமானம் ஏறினேன்.

2

சவரி துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தவர். கப்பலில் இருந்து இறங்குகிற பெட்டிகளை எண்ணி, வந்தது எத்தனை, குறைவு எத்தனை, பழுது எத்தனை என்று மட்டையில் எழுதுகிற வேலை. அது அவருடைய வாயிலும் தொற்றிக்கொண்டது. கடையில் முட்டை வாங்கி வந்தால் "பத்து, பழுது ஒண்டு" என்று சொல்லித்தான் மேசையில் வைப்பார். கலியாண வீட்டுக்குப் போய் வந்தால், "வந்தது இருநூறு பேர். குறைவு, பொம்பிளையின்ட மாமா" என்பார். கட்டின புதிதில் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு சிரிப்பது நின்றுபோனது. கலியாணம் கட்டி எட்டு ஒன்பது வருடமானவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

ஒருநாள் வேலைத்தளத்தில் பாரம் சரிந்து அவருடைய வலது கால் நசுங்கியது. எலும்பு பொருந்தியது, நடை பொருந்தவில்லை. வீட்டில் ஒருவர் உழைக்க வெளிநாடு போய்த்தான் ஆக வேண்டும் என்று வந்தபோது, நடக்கக்கூடிய ஆள் நான்தான்.

ஜெரோமுக்கு அப்போது எட்டு வயது. மம்மி இரண்டு கிழமையில் வந்துவிடுவா என்று அவனிடம் சொன்னோம். சவரியும் நானும் சேர்ந்து பேசி எடுத்த முடிவு அது. உண்மையைச் சொன்னால் பிள்ளை தாங்காது, நாள் போகப் போகப் பழகிவிடுவான் என்று நினைத்தோம். எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிற தாய்மார் எல்லோரும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனார்கள்.

புறப்படுகிறதுக்கு முதல் கிழமை அவன் என் போனில் இந்த விளையாட்டை ஏற்றித் தந்தான். அதுவரை நான் அவனுடைய விளையாட்டுகளுக்குப் பரம எதிரி. கண் போகும், படிப்புப் போகும் என்று ஏசி, அவன் வைத்து விளையாடுகிற தகப்பனின் பழைய போனைப் பறித்து அரிசி வாளிக்குள் ஒளித்து வைத்தவள். அன்றைக்கு அவன் நேரே அரிசி வாளிக்குள் கையை விட்டு எடுத்து வந்தான். அந்த இடம் அவனுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது.

"மம்மி, இது உங்கட தோட்டம். இது என்ட. நடுவில வேலி. நீங்க அங்க இருந்து என்ட பாத்திக்குத் தண்ணி ஊத்தலாம், புல்லுப் பிடுங்கலாம். ஆனா காய் பறிக்க ஏலாது. அது நான்தான் பறிக்கணும்."

"அப்ப நான் உனக்குக் கூலிக்காரியா?"

"நானும் உங்கடதுக்கு ஊத்துவன்தானே. யாராவது மறந்தா மத்த ஆள்ட தோட்டம் காஞ்சுபோகும்."

தக்காளி, சோளம், பூசணி என்று எத்தனையோ விதை அதில் இருந்தது. அவன் முழுப் பாத்தியிலும் கத்தரியை நட்டான். ஏன்டா வேறு ஒன்றும் இல்லையா என்று கேட்டேன்.

"கத்தரி காய்க்கப் பதினாலு நாள் மம்மி. நீங்க வரக்குள்ள சரியா இருக்கும்."

நான் குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். வேலியில் ஒரு பலகை உண்டு. ஒருவர் எழுதி வைத்தால் மற்றவர் வந்து வாசிக்கலாம். அன்றைக்கு என் போனில் அவனுடைய முதல் எழுத்து வந்து விழுந்தது: மம்மி வாங்க. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் ஒரு சுவர்தான் இருந்தது.

3

முதல் நாலு வருடமும் அந்தத் தோட்டத்தில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! ஒருநாள் பஸ்ஸில் ஏறித் திறந்து பார்த்தால் என் வாசலை அடைத்துக்கொண்டு நாற்பது வாத்து நிற்கிறது. பலகையில் "ஹா ஹா மம்மி மாட்டீட்டீங்க". நான் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் இருந்த இத்தாலியக் கிழவி சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு தள்ளி இருந்தாள். அடுத்த நாள் நான் அவனுடைய வேலி முழுக்கப் பூசணி படரவிட்டேன். அவன் அதற்குப் பழிவாங்க என் ஆட்டுக்குத் தொப்பி போட்டு, அதற்கு என் பெயரையே வைத்தான். வந்த பிறகு நான் பிள்ளைக்குச் சோறு போடவில்லை, குளிப்பாட்டவில்லை, பள்ளிக்கூட வாசலில் நின்று கூட்டி வரவில்லை. ஆனால் அவனோடு சண்டை பிடித்து விளையாடினேன். எத்தனை தாய்மார் பக்கத்தில் இருந்தும் அதைச் செய்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அந்த வருடங்களில் என்னிடம் வதிவிடக் கடதாசி ஒன்றும் கிடையாது. கடதாசி இல்லாதவள் வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. ஆகவே இரண்டு கிழமை இரண்டு வருடமாகி, நாலு வருடமானது. பிறகு அரசாங்கம் ஒரு மன்னிப்புத் திட்டம் கொண்டுவந்தபோது கிழவரின் மகள் எனக்காக விண்ணப்பம் போட்டாள். கைரேகை எடுக்கக் கூப்பிட்டார்கள். கண்ணாடியில் விரலை வைக்கிறேன், ரேகை விழவில்லை. தரை துடைக்கிற மருந்தில் அத்தனை வருடம் கை ஊறியதில் விரல் நுனி வழுக்கிப் போயிருந்தது. அந்த அதிகாரி என் பெருவிரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நீ யார் என்று மெஷினுக்குத் தெரியவில்லை. ஒரு மாதம் கையுறை போட்டு வேலை செய்துவிட்டு வா" என்றான். ஒரு மாதத்தில் போனேன். இன்னொரு மாதம் என்றான். அப்படியே வருடங்கள் ஓடின. வதிவிட அட்டை வரும்வரை நாட்டை விட்டு வெளியேறினால் விண்ணப்பம் செத்துவிடும்.

ஜெரோமுக்குப் பன்னிரண்டு வயதானபோது தோட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. அதற்கு முதல் ஒரு கிழமை அவன் வரவேயில்லை. என் செடிகள் எல்லாம் காய்ந்து சுருண்டன. நான் பலகையில் புலம்பி எழுதினேன். எட்டாம் நாள் தண்ணீர் ஊற்றியிருந்தது. அதற்குப் பிறகு ஒருநாளும் தவறியதில்லை. வாத்துச் சேட்டை நின்றது. வேலிக்குப் பெயின்ட் அடித்து, படலையைச் சாத்தி, எல்லாம் ஒழுங்கு. கொழும்பு நேரம் விடிய ஐந்தரைக்குத் தண்ணீர். பலகையில் செய்தி: "கத்தரி 24. பழுது 2, காகம்."

நான் அதைப் பார்த்துப் பூரித்துப் போனேன். தகப்பனைப் போலவே எழுதுகிறான் என்று நினைத்தேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து முற்றத்தில் நிற்கும்போது மற்றப் பெண்கள் பிள்ளைகளைப் பற்றி அழுவார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள் தாயோடு இத்தாலியனில் வாய்காட்டுகிறார்கள், தமிழில் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பார்கள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "என்ட மகன் விடிய அஞ்சரைக்கு எழும்பி எனக்குத் தண்ணி ஊத்திட்டுத்தான் பள்ளிக்கூடம் போறான்" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

4

தோட்டத்தில் அவன் எனக்கு எல்லாம் சொன்னான். கணக்கில் எழுபத்திரண்டு. வெள்ளிக்கிழமை டடா பாரை மீன் வாங்கினார். சப்பாத்து இறுக்கமாகிவிட்டது. கபிலன் என்ற நண்பனோடு சண்டை, திங்கட்கிழமை சமாதானம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ கோலில் வந்தால் மட்டும் "ஓம் மம்மி", "இல்ல மம்மி" என்று இரண்டு சொல்லோடு போனைத் தகப்பனிடம் கொடுத்துவிடுவான். முகத்தைப் பார்த்தால் வெட்கம், எழுத்தென்றால் தாராளம் என்று நான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பலகையில் ஒருநாள் இப்படி எழுதியிருந்தது: "கோல்ல தோட்டத்தப் பத்திக் கதைக்க வேணாம். டடாவுக்குத் தெரிஞ்சா ஏசுவார்." சரி, இது தாய்க்கும் மகனுக்கும் இடையிலான ரகசியம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

நான் எழுதுவது இங்கே காலை ஆறரைக்கு. கொழும்பில் அப்போது பத்து, பதினொரு மணி. சிலவேளை உடனே பதில் வரும். பள்ளிக்கூட நேரத்தில் எப்படி என்று ஒருதரம் கேட்டேன். "இண்டைக்கு லீவு" என்று வந்தது. இலங்கையில் லீவுக்கா பஞ்சம்? நம்பிவிட்டேன்.

தகப்பனைப் பற்றியும் அவனிடம்தான் சொன்னேன். "டடாவைக் காலுக்கு எண்ணெய் போடச் சொல்லு. நான் சொன்னாக் கேக்க மாட்டார்" என்று எழுதினால், "போடுறாராம்" என்று பதில் வரும். ஒருதரம் சவரியும் நானும் போனில் பெரிதாகச் சண்டை பிடித்தோம். நான் இங்கே வந்த காலம் முழுக்க அவர் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை என்று எனக்கு ஆத்திரம். அடுத்த நாள் பஸ்ஸில் அழுதுகொண்டே பலகையில் எழுதினேன்: "உன் டடாவைக் கட்டினதுதான் நான் செய்த பிழை மகன்." இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. "சரி மம்மி. கத்தரி 24. பழுது இல்லை."

அவனுடைய பதினாறாவது பிறந்தநாளில் நான் கேட்டேவிட்டேன். எட்டு வருடம் தொண்டையில் கிடந்த கேள்வி அது. "உன்னை விட்டுட்டு வந்ததுக்கு என்னில கோபமா?"

அன்று பின்னேரமே பதில் இருந்தது. "இல்ல. ஒருநாளும் இல்ல. நீங்க போனபடியாத்தான் நாங்க நிக்கிறம். உங்கட கையைப் பாத்துக்கொள்ளுங்க."

அதைப் போட்டோ பிடித்து, கொப்பி அடிக்கிற கடையில் கடதாசியில் எடுத்து, என் ஆவணக் கோப்புக்குள் வைத்தேன். பாஸ்போட், விண்ணப்ப ரசீது, வீட்டு வாடகைக் கடிதம், அதற்குப் பின்னால் இது. ஒருதரம் அதிகாரி கோப்பைப் புரட்டிக்கொண்டு வந்து அதில் நின்றான்.

"இது என்ன மொழி? என்ன ஆவணம்?"

"என் மகன் எழுதியது."

"இது தேவையில்லை" என்று எடுத்து என் பக்கம் தள்ளினான். எனக்கு அந்தக் கோப்பிலேயே தேவையானது அது ஒன்றுதான்.

5

போன வருடம் ஒரு வியாழக்கிழமை. ஹெந்தளையில் இருக்கிற என் அக்கா போன் எடுத்தா. "சவரிக்குக் கொஞ்சம் சீரியஸ். ஆஸ்பத்திரியில வச்சிருக்கிறம். நீ பதறாத, சாப்பிடு" என்றா.

எங்கள் ஆட்கள் வெளிநாட்டுக்குப் போன் எடுத்துச் சீரியஸ் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். சவப்பெட்டி வாங்கியாகிவிட்டது என்று அர்த்தம். நான் கிழவரின் சூப்புக் கோப்பையைக் கையில் வைத்தபடி, "எத்தனை மணிக்கு அக்கா?" என்று கேட்டேன். அக்கா அழத் தொடங்கினா.

இரண்டு வருடமாக அவருக்குச் சிறுநீரகம் பழுதாம். எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. தனிய இருக்கிறவள், தாங்க மாட்டாள் என்று சொல்லவில்லையாம். அடக்கத்தை யாரோ பிடித்திருந்த போனில் பார்த்தேன். பாதி நேரம் ஆட்களின் முதுகுதான் தெரிந்தது. ஜெரோம் வெள்ளைச் சேர்ட் போட்டுக் குழியருகில் நின்றான், தகப்பனைவிட உயரமாக.

அந்தக் கிழமை என் தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லை, செடிகள் காய்ந்தன. பிள்ளை துக்கத்தில் இருக்கிறான் என்று அவனுடைய பாத்திகளுக்கு மட்டும் நான் ஊற்றிக்கொண்டிருந்தேன். கத்தரி காய்த்து முற்றியது. பறிக்க அவனால்தான் முடியும், அவன் வரவில்லை. பலகையில் நான் எழுதிக்கொண்டே இருந்தேன். சாப்பிட்டியா மகன். நித்திரை வருகுதா. ஒன்றுக்கும் பதில் இல்லை. வற்புறுத்தக்கூடாது என்று கோலிலும் கேட்கவில்லை.

சவரி போய் மூன்று மாதத்தில் என் அட்டை வந்தது. பிள்ளையை இங்கே எடுக்க வேண்டுமென்றால் பதினெட்டுக்குள் எடுக்க வேண்டும். ஜெரோம் அதைத் தாண்டியிருந்தான். அலுவலகத்தில் அந்தப் பெண் திகதியைக் காட்டித் தலையை ஆட்டினாள். கோபிக்கவும் எனக்குத் தெம்பில்லை, நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அதே மாதம் கிழவர் இடுப்பு உடைந்து படுத்துவிட்டார். ஆண்டுப் பூசைக்குத்தான் விடுமுறை கிடைத்தது.

6

தகப்பன் போன பிறகு ஜெரோம் கொட்டாஞ்சேனை வீட்டைக் காலி செய்து வெள்ளவத்தையில் மேல்மாடி அறை ஒன்றில் இருக்கிறான். காலையில் கொம்பியூட்டர் வகுப்பு, பின்னேரம் காலி வீதியில் போன் திருத்துகிற கடையில் வேலை. என்னை எயார்போர்ட்டில் இருந்து கூட்டி வந்தான். வழியில் இளநீர் விற்கிற தம்பிலிக்காரரிடம் நான் இத்தாலியனில் விலை கேட்டுவிட்டேன். அந்த மனிதர் முழித்தார். ஜெரோம் சிங்களத்தில் கேட்டு வாங்கித் தந்தான். சிரிக்கவில்லை.

அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு கதிரை. என்னைக் கதிரையில் இருத்தினான். தான் கட்டில் நுனியில் இருந்தான். நான் பையைத் திறந்து அவனுக்கென்று வாங்கிய டப்லட்டை எடுத்தேன். இந்த நிமிடத்தை நான் எத்தனை தரம் நினைத்துப் பார்த்திருப்பேன். ஒரே அறையில், தோளோடு தோள் இருந்து விளையாடுவது.

"திற மகன். நம்மட தோட்டத்தைத் திற. ஒரு வருஷமா உன்ட கத்தரி முத்திப்போய் நிக்குது. சேர்ந்து பறிப்பம்."

"எந்தத் தோட்டம் மம்மி?"

பகிடி விடுகிறான் என்று நினைத்து என் போனை நீட்டினேன். அவன் வாங்கிப் பார்த்தான். முகத்தில் ஒரு சின்ன ஆச்சரியம், பழைய கொப்பியைக் கண்டெடுத்தது போல.

"இது இன்னும் இருக்கா?"

"நேத்தும் ஊத்தினன்."

"மம்மி, நான் இத கிரேட் செவன்ல விட்டது."

"சும்மா சொல்லாத. போன வருஷம் வரைக்கும் எனக்கு எழுதினாய்."

அவன் போனை என் கையில் திருப்பித் தந்தான்.

"அது டடா" என்றான்.

கடற்கரைப் பக்கமாக ரயில் போனது. யன்னல் கண்ணாடி அதிர்ந்து நின்றது.

"எனக்கு அலுத்துப் போச்சு மம்மி. ஒரு கிழமை போகல்ல. நீங்க ஏதோ அழுது எழுதியிருந்தீங்களாம், டடா பாத்துட்டார். 'ரெண்டு நாளைக்கு நான் ஊத்துறன், பிறகு நீ செய்' எண்டார். நான் பிறகு செய்யல்ல. அவர் விடல்ல."

"எனக்கு ஏன்டா சொல்லல்ல?"

"'மம்மிக்குச் சொல்லாத, தனிய இருக்கிறவ' எண்டார். வீட்டில எல்லாத்துக்கும் அதானே சொல்றது." பிறகு சொன்னான்: "பின்னேரம் டீ குடிக்கக்குள்ள கேப்பார். இண்டைக்கு என்ன சாப்பிட்ட, டீச்சர் என்ன சொன்னா, யாரோட சண்டை எண்டு. பொலிஸ்ல கேக்கிற மாதிரி. எனக்கு எரிச்சல் வரும். 'நீ சொன்னாத்தான் எழுதலாம், நான் இல்லாததை எழுத மாட்டன்' எண்டு நிப்பார்."

விடிய ஐந்தரை. பழுது 2, காகம். நாற்பது வாத்து விடுகிற பிள்ளை எப்போது பழுது எண்ணத் தொடங்கினான் என்று நான் ஒருநாளாவது யோசித்தேனா? அந்த நொண்டிக் காலோடு அரிசி வாளி இருக்கிற குசினியில் குந்திக்கொண்டு, தடித்த விரலால், என் ஆட்டுக்குப் புல் போட்டிருக்கிறார் மனுசன். அவரைப் பற்றி அவரிடமே முறைப்பாடு எழுதியிருக்கிறேன். அவரைக் கட்டினது பிழை என்று அவருக்கே எழுதினேன். அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்து, மூன்றாம் நாள் சரி மம்மி என்று எழுதியிருக்கிறார். ஐயோ சவரி.

பிறகுதான் மற்றது நினைவுக்கு வந்தது. பையில் இருந்து ஆவணக் கோப்பை எடுத்து அந்தக் கடதாசியைப் பிரித்தேன்.

"இல்லாததை எழுத மாட்டார் எண்டாய்தானே. அப்ப இது நீ சொல்லித்தானே எழுதினவர்?"

அவன் வாசித்தான். இரண்டாம் தரமும் வாசித்தான். மடித்துத் திருப்பித் தந்தான்.

"இது நான் சொல்லல்ல மம்மி."

"அப்ப உனக்கு என்னில கோபமா?"

"ஓம்."

இவ்வளவு தெளிவாக அவன் என்னோடு ஒரு வார்த்தையும் அதற்கு முதல் சொன்னதில்லை.

"ரெண்டு கிழமை எண்டு சொன்னீங்க. பதினாலு நாள் எண்ணி, நான் அந்தக் கத்தரிய பறிக்காம வச்சிருந்தன். பதினஞ்சாம் நாளும் பறிக்கல்ல."

"ஏன் மகன் இவ்வளவு காலமும் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே."

"கேட்டன்டா. இந்தா இருக்கு, நான் கேட்டது."

"அது நீங்க டடாட்டக் கேட்டது" என்றான்.

7

பூசை நல்லபடியாக நடந்தது. அக்கா வந்தவர்களுக்கு கேக்கும் டீயும் கொடுத்தா. சவரியின் கல்லறையில் நான் அந்தக் கடதாசியை வைத்துவிட்டு வரலாம் என்று கொண்டுபோய், மனம் வராமல் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். அது இன்னும் கோப்புக்குள் அதே இடத்தில் இருக்கிறது. எழுதியவர் வேறு, அவ்வளவுதான். ஒருநாளும் கோபம் இல்லை என்று எனக்குச் சொன்னவர் சவரி. வாழ்நாளில் ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத மனுசன் என்று நான் ஏசிய ஆள், சொல்லத்தான் சொல்லியிருக்கிறார், மகனுடைய பெயரில்.

புறப்படுகிற அன்று ஜெரோம் மேசை லாச்சியில் இருந்து தகப்பனுடைய போனை எடுத்துக் காட்டினான். கண்ணாடி ஒரு மூலையில் வெடித்திருந்தது. அவனே திருத்தி வைத்திருக்கிறான், வேலை செய்கிறதாம்.

"வேணுமெண்டா நான் அந்தக் கத்தரியப் பறிச்சு விடவா? ஒரு நிமிஷ வேலை."

"வேணாம் மகன்" என்றேன். அவன் வற்புறுத்தாமல் லாச்சியை மூடினான்.

இங்கே வந்து பழையபடி ஆறரை பஸ், மூன்று தரிப்பிடம், இருபத்திநாலு பாத்தி. ஊற்றாமல் விட எனக்குத் தைரியம் வரவில்லை. பலகையில் மட்டும் இப்போது ஒன்றும் எழுதுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெரோமுக்கு நான் கோல் எடுக்கிறேன். அறையும் மேசையும் பின்னால் தெரியும். சாப்பிட்டியா என்று கேட்பதை விட்டுவிட்டேன். வேறொன்றைக் கேட்கிறேன்.

"இன்னும் என்னில கோபமா?"

"ஓம் மம்மி."

"சரி."

அதற்குப் பிறகு அவன் சில நேரம் ஏதாவது சொல்வான். கடையில் தண்ணீருக்குள் விழுந்த போன் ஒன்றை உயிர்ப்பித்ததைச் சொன்னான். ஒருநாள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் போனையும் வைக்கவில்லை. தகப்பனிடம் கொடுத்துவிட்டு ஓட அங்கே இப்போது தகப்பனும் இல்லை.

போன ஞாயிறு நான் கேட்கவில்லை. கிழவருக்குக் காய்ச்சல், எனக்குக் களைப்பு. அதோடு, எத்தனை தரம்தான் அந்த "ஓம்" ஐக் கேட்பது, ஒரு கிழமை விட்டுவிடுவோம் என்று நினைத்தேன். மழையைப் பற்றிக் கதைத்தேன். அக்காவின் முழங்காலைப் பற்றிக் கதைத்தேன். சரி மகன், வைக்கிறன் என்றேன்.

"மம்மி."

"என்ன மகன்?"

"இண்டைக்கு நீங்க கேக்கல்ல."

நான் கட்டிலில் உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஓம்" என்றான்.